சிக்கனமான பிளாஷ் விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

காமிரா இன்று கிராமங்களில் ஆடம்பரப் பொருள் அன்று. காதணி விழா, திருமணம், கோயில் கொடை முதலிய நிகழ்ச்சிகளைப் படம் எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் இளைஞர்கள் நம் ஊராட்சிகளில் பலர் உளர். மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும், தங்கள் பொருள்களை வெளியூரில் விற்க நல்ல படங்கள் தேவைப்படுகின்றன. 2015-ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை கடன் பெற்று இத்தொழிலில் இறங்க விரும்புவோரும் நம்மிடம் யோசனை கேட்டு வருகின்றனர். கடன் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ஆகவே, எதை வாங்குவது, எதை வாங்காதிருப்பது என்பதை முன்கூட்டியே அறிதல் அவசியம்.

நம் ஒன்றியத்தில் உழவர் ஒருவரின் மகன் கடன் பெற்று, காமிராவும் பிளாஷ் விளக்கும் வாங்கினார். முதல் திருமணத்தன்று மாலையில் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். விளக்கில் பழுதில்லை, அது அவருடைய காமிராவுக்குப் பொருந்தாதது. அவருடைய விண்ணப்பத்தைப் பரிந்துரைத்த நாமும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினோம். அத்தவறு மீண்டும் நேரலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கு ஏன் தனியே நிற்க வேண்டும்?

காலை வெயில் சாய்ந்து விழும்போது உழுத நிலத்தின் சால்கள் மேடும் பள்ளமுமாகத் தெளிவாகத் தெரிகின்றன. உச்சி வெயிலில் அவை மறைந்துவிடுகின்றன. முகத்துக்கும் இதுவே விதி. காமிராவின் தலையிலேயே விளக்கைப் பொருத்தி எரித்தால் ஒளி நேராக மோதி முகம் தட்டையாகிறது. பின்சுவரில் கருநிழல் விழுகிறது. அதே விளக்கைப் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலாக வைத்தால் முகத்தின் வடிவம் தெரிகிறது. இதற்கு விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை. விளக்கைத் தனியே நிறுத்தும் வசதியே தேவை.

வாங்க வேண்டியவை நான்கு

முதலாவது, பிளாஷ் விளக்கு. ஒளியின் அளவைத் தானே கணிக்கும் வகை ஒன்று. நாமே கையால் அளவிடும் வகை மற்றொன்று. பின்னதே விலை குறைவு. மணமக்களை நிறுத்தி எடுப்பதற்கும் பொருள்களைப் படம் எடுப்பதற்கும் அதுவே போதும். விளக்கும் ஆளும் இடம் மாறாதவரை ஒருமுறை வைத்த அளவு மாறாது. ஊர்வலம் போன்று ஆட்கள் நகரும் இடங்களில்தான் தானியங்கி வகை உதவும்.

இரண்டாவது, ரேடியோ டிரிக்கர். காமிரா சொடுக்கும் கணத்தில் தொலைவிலுள்ள விளக்கை எரியச் செய்வது இது. மற்றொரு விளக்கின் ஒளியைக் கண்டு எரியும் முறையும் உண்டு. ஆனால் அது கடும் வெயிலில் தவறும். திருமண வீட்டில் பிறர் எடுக்கும் படத்துக்கெல்லாம் எரிந்துவிடும். ரேடியோ வாங்கி உள்ளேயே அமைந்த விளக்கைத் தேர்ந்தெடுத்தால் காமிராவில் பொருத்தும் பகுதி ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.

மூன்றாவது, ஸ்டாண்டும் வெள்ளைக் குடையும். குடையின் ஊடாக வரும் ஒளி பரந்து மென்மையாகிறது. ஆனால் குடை காற்றைப் பிடிக்கும். ஸ்டாண்டு சாய்ந்தால் விளக்கு உடையும். உரச்சாக்கில் மணல் நிரப்பி அடியில் கட்டுக.

நான்காவது, மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை பாட்டரிகள். பல விளக்குகள் நான்கு சிறு பாட்டரிகளில் இயங்குகின்றன. எட்டு வாங்கினால் நான்கு எரியும்போது நான்கு காத்திருக்கும். ஒருமுறை உபயோகித்து எறியும் பாட்டரிகளைவிட இவை விளக்கை விரைவில் மீண்டும் ஆயத்தமாக்கும். செலவும் நாளடைவில் குறையும்.

எண்ணைக் கண்டு மயங்க வேண்டா

விளக்கின் ஆற்றலை ‘கைடு எண்’ எனக் குறிப்பர். அவ்வெண்ணை மீட்டர்க் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் காமிராவில் வைக்க வேண்டிய துவார எண் கிடைக்கும். விளக்கின் எண் 32, தூரம் 2 மீட்டர் எனில் துவார எண் 16. இது ஐ.எஸ்.ஓ. 100-க்கான கணக்கு. குடை ஏறத்தாழ முக்கால் பங்கு ஒளியை விழுங்கினாலும் 8 கிடைக்கும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால், அதே 8-க்கு விளக்கின் கால் பங்கு ஆற்றலே போதும். ஆகவே மணமக்கள் படத்துக்குச் சிறு விளக்கே ஏற்றது. பெட்டியில் அச்சிட்ட பெரிய எண், ஒளியைக் குறுகிய கற்றையாகக் குவித்த நிலைக்கு உரியது. அகன்ற நிலையில் ஆற்றல் அதனினும் வெகு குறைவு. தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. சொந்தக் காமிராவைக் கையோடு கொண்டு செல்க. 2018 முதல் வந்த சில தொடக்க நிலைக் காமிராக்களின் மேற்புறத் தொடுமுனையில் நடுமுனை இல்லை. அவற்றில் பொதுவான டிரிக்கர் இயங்காது. அந்தக் காமிரா வகைக்கென்றே செய்த டிரிக்கர் வேண்டும். மேற்சொன்ன இளைஞருக்கு நேர்ந்தது இதுவே.

2. விளக்கைப் பத்துத் தப்படி தள்ளி வைத்து, இருபது முறை எரியச் செய்க. ஒருமுறையும் தவறலாகாது.

3. காமிராவின் வேகத்தை 1/200 விநாடியில் வைத்துப் பார்க்க. படத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, பட்டை மறையும் வேகத்தைக் குறித்துக்கொள்க.

4. மிகப் பழைய விளக்கை மலிவென்று வாங்கிக் காமிராவில் மாட்டற்க. சிலவற்றின் தொடுமுனை மின்னழுத்தம் இன்றைய காமிராவைக் கெடுத்துவிடும்.

5. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் பெறுக.

கைப்பேசியில் மட்டும் படம் எடுப்போர் இந்த விளக்கை வாங்க வேண்டா. பெரும்பாலான கைப்பேசிகள் இதை இயக்கமாட்டா. அவர்களுக்கு இடைவிடாது எரியும் எல்.இ.டி. விளக்கே ஏற்றது.

முடிவுரை

இரண்டாவது விளக்கு, பெரிய ஒளிப்பெட்டி ஆகியவற்றை முதல் ஆறு மாதம் வாங்க வேண்டா. ஒரே விளக்கைக் கொண்டு வீட்டுத் திண்ணையில் பாட்டியின் முகத்தையும், குழுவினர் செய்த மண்பானையையும் நாள்தோறும் எடுத்துப் பழகுக. விளக்கை ஒரு முழம் நகர்த்தினால் நிழல் எவ்வாறு மாறுகிறது என்பதே முதற்பாடம்.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊர் இளைஞர் கடன் கேட்டு வரும்போது, “உன் காமிராவில் மாட்டிப் பார்த்தாயா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மேற்கூறிய இளைஞர் உரிய டிரிக்கரை மட்டும் மாற்றி வாங்கினார். அதே பழைய விளக்கைக் கொண்டு இன்று தொழில் நடத்துகிறார். தவணையும் தவறாமல் செலுத்தி வருகிறார்.