தடை தாண்டும் குதிரை

குளிர்காலக் காலையில் தில்லியில் நடைபெற்ற குதிரையேற்றப் போட்டியைக் காண மலரும் அவள் தம்பி செழியனும் பெற்றோருடன் சென்றனர்.

"குதிரை தடை தாண்டும்போது கூச்சலிடலாகாது, அது மிரளும். ஓட்டம் முடிந்தபின் கைதட்டலாம்" என்று அன்னை முன்னரே அறிவுறுத்தினார்.

மணி ஒலித்தது. செந்நிறக் குதிரை ஒன்று வண்ணக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. மகிழ்ச்சியில் கூவ முற்பட்ட செழியன், சட்டெனத் தன் வாயைப் பொத்திக்கொண்டான். இறுதித் தடையில் குளம்பு பட்டுக் கட்டை விழுந்தது. நான்கு தண்டப்புள்ளிகள்! வீராங்கனை வெற்றியை இழந்தார். ஆயினும், குனிந்து குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"அம்மா, கட்டையைத் தள்ளிய குதிரையை அவர் ஏன் கடிந்துகொள்ளவில்லை?" என்று செழியன் வினவினான்.

"எப்போது தாவ வேண்டும் என்று குதிரைக்குக் குறிப்பால் உணர்த்துபவர் அவரே. வெற்றியைப் போலப் பிழையும் இருவருக்கும் உரியது" என்றார் அன்னை.

செழியன் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினான்.

அறிந்துகொள்வோம்: குதிரையேற்றத்தில் ஆடவரும் மகளிரும் ஒரே களத்தில் போட்டியிடுவர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 41 ஆண்டுகளுக்குப் பின், 2023இல் இந்தியா இவ்விளையாட்டில் தங்கம் வென்றது. அந்த நால்வர் அணியில் இருவர் பெண்கள்.

சொற்பொருள்: மிரளுதல் – அஞ்சி வெருளுதல், கடிதல் – கண்டித்தல்.

வினாக்கள்:
1. செழியன் வாயைப் பொத்திக்கொண்டது ஏன்?
2. தோற்றவருக்குச் செழியன் கைதட்டியது சரியா? உன் கருத்தை எழுதுக.