வெற்றிடங்கள் சொன்ன வேதியியல்

இன்றைய தனிம வரிசை அட்டவணையில் 118 கட்டங்கள் உள்ளன. ஒன்றுகூடக் காலியாக இல்லை. 1869ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் மெண்டலீஃப் தம் அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்களோ 63 மட்டுமே. அவற்றை அணு நிறையின் ஏறுவரிசையில் அடுக்கி, ஒத்த பண்புடையவற்றை ஒரே தொகுதியில் சேர்த்தார். பண்பு பொருந்தாத இடங்களில் அடுத்த தனிமத்தை வலிந்து நிரப்பாமல் வெற்றிடமாக விட்டார். அவரது துணிவை அக்கட்டங்களிலேயே காண வேண்டும்.

அலுமினியத்திற்கு அடுத்திருந்த வெற்றிடத்திற்கு ‘எகா அலுமினியம்’ எனப் பெயரிட்டார். ‘எகா’ என்பது ஒன்று எனப் பொருள்படும் வடமொழிச் சொல். அத்தனிமத்தின் அணு நிறை ஏறத்தாழ 68, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.9 கிராம், எளிதில் உருகும் உலோகம் என 1871இல் கணித்துரைத்தார். 1875இல் பிரெஞ்சு வேதியியலார் லெகாக் தெ புவாபோத்ரான், துத்தநாகத் தாதுவொன்றின் நிறமாலையில் அதுவரை எவரும் காணாத ஊதா நிறக் கோடுகளைக் கண்டார். அப்புதிய தனிமமே காலியம். ஆனால், அவர் அளந்த அடர்த்தி 4.7 மட்டுமே.

மெண்டலீஃப் காலியத்தைக் கண்ணால் கண்டதில்லை. எனினும், மாதிரியைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்குமாறு எழுதினார். கையில் பொருளை வைத்திருப்பவரிடம், அதைக் காணாத ஒருவர் இவ்வாறு கூறுவது எளிதன்று. மறு அளவீட்டில் கிடைத்த மதிப்பு 5.9. உருகுநிலையோ 30 பாகை செல்சியசுக்கும் குறைவு. உள்ளங்கை வெப்பமே அதனை உருக்கிவிடும்.

இதே உறுதி வேறோரிடத்தில் வேறு விளைவைத் தந்தது. பண்புகளைக் கருதி அவர் டெல்லூரியத்தை அயோடினுக்கு முன் வைத்தார். டெல்லூரியத்தின் அணு நிறையே கூடுதலாக இருந்ததால், அவ்வளவீடு பிழையானது என்றார். அளவீட்டில் பிழையில்லை: டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. வரிசை சரி, காரணம் தவறு. 1913இல் ஆங்கிலேய இளைஞர் மோஸ்லே, எக்ஸ் கதிர் ஆய்வின் வழி, வரிசையைத் தீர்மானிப்பது அணு நிறையன்று, அணு எண்ணே என நிறுவினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. ஈராண்டுகளில், தம் 27ஆம் அகவையில், முதல் உலகப்போரின் கலிப்போலிக் களத்தில் அவர் மாண்டார்.

இனி, காலியத்தின் தொகுதியையே நோக்குங்கள். தொகுதியில் மேலிருந்து கீழாகச் செல்லும்போது அணு ஆரம் கூடும், அயனியாக்கும் ஆற்றல் குறையும் எனப் படித்திருப்பீர்கள். போரானின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 801 கிலோஜூல், அலுமினியம் 577. அடுத்துள்ள காலியமோ 579! அதன் அணு ஆரமும் அலுமினியத்தைவிடச் சற்றுக் குறைவு. இவ்விரண்டிற்கும் இடையே பத்து டி எலக்ட்ரான்கள் புகுந்துள்ளன. அவை அணுக்கருவின் ஈர்ப்பைப் போதிய அளவு மறைப்பதில்லை. எனவே, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் இறுகப் பிணைக்கப்படுகின்றன. இத்தொகுதியில் இண்டியம் 558, தாலியம் 589. தாலியத்தில் மதிப்பு மீண்டும் உயர்வதற்கு எந்த எலக்ட்ரான்கள் காரணம்? அதன் எலக்ட்ரான் அமைப்பை எழுதிப் பாருங்கள்.