பாரத்தை நிறுத்துப் பார்!

வேதபகுதி: மத்தேயு 4:5-7, உபாகமம் 22:8, அப்போஸ்தலர் 27:9-11



அமெரிக்க நற்செய்திப் பாடகர் கீத் கிரீனை உங்களில் சிலர் அறிவீர்கள். காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் தன் பாடல்களைக் கொடுத்த ஊழியக்காரர். 1982 ஜூலை 28 அன்று, டெக்சாஸில் லிண்டேல் ஊருக்கு அருகே, அவருடைய ஊழிய வளாகத்து ஓடுபாதையிலிருந்து செஸ்னா 414 என்ற சிறிய விமானம் கிளம்பிற்று. விருந்தாளியாக வந்திருந்த ஒரு ஊழியக் குடும்பத்துக்கு அந்த இடத்தை மேலிருந்து காட்டத்தான் அந்தப் பயணம். ஏறியவர்கள் 12 பேர். அதில் 8 பேர் பிள்ளைகள். எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே விமானம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. கீத் கிரீனுக்கு வயது 28. அவருடைய 3 வயது மகனும் 2 வயது மகளும் அவரோடே போனார்கள்.

"ஏன் ஆண்டவரே?" என்று நானும் கேட்டதுண்டு. விசாரணை அதிகாரிகள் கண்டது இது: அனுமதித்த எடைக்குமேல் ஏறக்குறைய 200 கிலோ பாரம். அதுவும் பின்பக்கமாய் மிஞ்சியிருந்தது. பின்பாரம் கூடினால் விமானத்தின் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கை தாங்காது. தரைக்குப் பக்கத்தில் அப்படி ஆனால் சுதாரிக்க உயரம் ஏது?

மரித்தவர்களை நியாயந்தீர்க்க அல்ல, உயிரோடிருக்கிற நாம் கற்றுக்கொள்ளவே எழுதுகிறேன்.

1. விசுவாசம் வேறு, பரீட்சை பார்ப்பது வேறு. தூதர்கள் தாங்குவார்கள் என்று தெரிந்தும் இயேசு ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கவில்லை.

2. மற்றவன் உயிருக்கு நான் பொறுப்பு. மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொன்னவர் நம் தேவன். கட்டாமல் விட்டு ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல்.

3. எச்சரிப்பு அவிசுவாசமல்ல. இந்தப் பயணத்தில் சேதம் வரும் என்று சொன்னவர் அப்போஸ்தலனாகிய பவுல். நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை. கப்பல் போயிற்று.

கன்வென்ஷனுக்குப் போகிற வேனைப் பாருங்கள். 12 பேர் உட்காரும் வண்டியில் 25 பேர். "சின்னப் பிள்ளைதானே பாஸ்டர், மடியில வச்சுக்கலாம், கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிறோம். கர்த்தர் பார்க்கிறார், உண்மைதான். எண்ணிப் பார்க்கும் புத்தியை நமக்குத் தந்தவரும் அவரே.

ஊழியரே, வாலிபத் தலைவரே, அடுத்த முறை வண்டி கிளம்புமுன் ஜெபியுங்கள். ஜெபித்தபின் தலைகளை எண்ணுங்கள். கூடுதலாயிருந்தால், "இன்னொரு நடை வரலாம், இறங்குங்க" என்று சொல்லத் தைரியம் கேளுங்கள். அந்தத் தைரியமும் ஆவியானவர் தருவதே. ஆமென்.