பெயரின்றி உலவிய பாடல்கள்
(தோப்ரி சிந்துலோவ் சரிதம்)

ஒரு நாட்டின் விடுதலைச் சரித்திரத்தைப் படிக்குங்கால் வாளேந்திய வீரரின் நாமங்களே முதற்கண் நம் கருத்தைக் கவர்கின்றன. அவ்வீரர்க்கு இளமையில் எழுத்தறிவித்தவர் யாவரென வினவுவார் சிலரே. அங்ஙனம் மறைந்துநின்ற ஆசிரியருள் ஒருவராகிய பல்கேரியக் கவிஞர் தோப்ரி சிந்துலோவின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

சிந்துலோவ் 1822-ம் ஆண்டில், பால்கன் மலையடிவாரத்து ஸ்லீவென் நகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். அக்காலத்தில் பல்கேரியா நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் துருக்கிய சுல்தான்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. திருச்சபை அதிகாரமோ கிரேக்க அத்தியட்சர்களிடமிருந்தது. ஆதலின் நகரங்கள் பலவற்றில் வழிபாடும் உயர்கல்வியும் கிரேக்க மொழியிலேயே நடைபெற்றன. தாய்மொழி வீட்டளவில் ஒடுங்கிற்று.

கல்வியில் வேட்கைகொண்ட சிந்துலோவ், ருஷ்யப் பேரரசின் துறைமுகமாகிய ஒடெஸ்ஸாவை யடைந்து, ஆங்குள்ள வேதசாஸ்திரக் கலாசாலையிற் பயின்றார். 1849-ல் அவருடைய கவிகள் சில, கான்ஸ்டாண்டிநோபிளில் வெளிவந்த பல்கேரியப் பத்திரிகையில் அச்சாயின. பின்னர்த் தாயகந் திரும்பி, ஸ்லீவெனிலும் யாம்போலிலும் பல்லாண்டு ஆசிரியராய் உழைத்தார். பள்ளியிலும் ஆலயத்திலும் தாய்மொழி உரிய இடம் பெறவேண்டுமென்பது அவர் நோக்கம். பல்கேரியர்க்குத் தனித் திருச்சபை அமைய 1870-ல் சுல்தான் ஆணை பிறப்பித்தமை, இத்தகைய ஆசிரியர் பலரது முயற்சியின் பயனேயாம்.

எனினும் அவரை அழியாப் புகழில் நிறுத்தியவை, உறங்குவோரைத் துயிலெழுப்பிப் போருக்கழைத்த பாடல்களே. அவற்றைத் தம் பெயரால் அச்சிடின் சிறையும் பள்ளியின் அழிவும் நேரக்கூடும். ஆகவே அவை கையெழுத்துப் பிரதிகளாகவும் வாய்மொழியாகவும் பரவின. பாடினோர் பலர்க்கு இயற்றியவர் யாரென்பதே தெரியாது.

"பிறரைப் போருக்கு எழுப்பியவர் தாம் வாளெடுத்திலரே" என ஒருவர் வினவலாம். இவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. 1876-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கிளர்ச்சி கொடிய படுகொலைகளால் அடக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். போருக்கழைக்கும் சொல்லுக்கு இத்துணைப் பெரிய விலையுண்டு. ஆயினும் தாய்மொழி கற்பிக்கும் பள்ளியொன்றை அச்சத்தினிடையே நாடோறும் திறந்து நடத்துவதும் அஞ்சாமையேயாகும். அப்பள்ளியின்றேல் அப்பாடல்களைப் படித்துணர்வாரும், எழுதிப் பரப்புவாரும் யாண்டுளர்?

அந்திமக் காலத்தில் சிந்துலோவ் கண்ணொளி இழந்தார். 1878-ல் பல்கேரியா சுயாட்சி பெற்றது. ஆனால் பெர்லின் உடன்படிக்கை ஸ்லீவெனைக் கிழக்கு ருமேலியா என்னும் தனி மாகாணத்தில் வைத்தது. 1885-ல் அம்மாகாணமும் பல்கேரியாவோடிணைந்தது. மறு ஆண்டு சிந்துலோவ் உயிர்நீத்தார். தம் நாடு ஒன்றுபட்டதை அவர் கண்ணாற் கண்டிலர். செவியாற் கேட்டே மகிழ்ந்திருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, ஆசிரியர் விதைத்ததன் விளைவைப் பெரும்பாலும் பிறரே அறுக்கின்றனர். நமக்கு எழுத்தறிவித்தோரை நாம் ஒருமுறையேனும் நன்றியுடன் நினைப்போமாயின், இச்சரிதத்தைப் படித்த பயனை எய்தினவராவோம்.