தானே அமையும் ஒழுங்கு

ஓரெழுத்தொருமொழிகள் நீங்கலாக, எழுத்துகள் தனித்து நிற்கும்பொழுது பொருள் தருவதில்லை. அவை முறைப்படக் கூடியவழிச் சொல்லாகின்றன. சொற்கள் கூடித் தொடராகின்றன. தொடர்கள் கூடிக் காப்பியமாக விரிகின்றன. காப்பியத்தின் சுவையை அதன் எழுத்தொன்றிற் பிரித்துக் காட்ட வல்லார் உளரோ? இலர். அச்சுவை கூட்டத்திற் பிறந்தது.

பருப்பொருள் உலகத்தும் இத்தகைய பண்புகள் உண்டு. நீரின் மூலக்கூறு ஒன்றைத் தனியே எடுத்து நோக்கினால், அதற்கு ஓட்டமும் இல்லை, அலையும் இல்லை. எண்ணிறந்த மூலக்கூறுகள் கூடியபோதே அவை தோன்றுகின்றன. ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. எழுத்துகளைக் கோத்து ஒழுங்குபடுத்தப் புலவன் உளன். உயிரும் அறிவும் அற்ற பொருள்கள், கோப்பார் ஒருவருமின்றித் தாமே ஒழுங்குற்று நிற்றல் கூடுமோ? கூடும் என்பதே அறிவியலின் விடை. இதனைத் 'தன்னொழுங்கமைவு' என்று வழங்குவர். அவ்விடை எளிதிற் கிடைத்ததன்று.

1900-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆன்றி பெனார் என்பவர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். தட்டையான கலத்தில் மெல்லிய படலமாக நீர்மத்தைப் பரப்பி, அடியிலிருந்து சீராக வெப்பமூட்டினார். வெப்பம் குறைவாயிருந்தவரை நீர்மம் அசையாதிருந்தது. சூடு மட்டும் கீழிருந்து மேலே பரவியது. வெப்ப வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்ததும் படலம் முழுவதும் அறுகோண அறைகளாகப் பிரிந்து, தேனடை போலக் காட்சியளித்தது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் நீர்மம் மேலெழுந்தது, ஓரங்களிற் கீழிறங்கியது. கலத்தின் அடியில் அறுகோண அச்சு ஏதும் இல்லை. வெப்பமோ எங்கும் ஒரே சீராக ஊட்டப்பட்டது. பின்னர் இவ்வடிவம் எங்கிருந்து வந்தது?

சூடேறிய நீர்மம் இலேசாகி மேலெழ முயல்கின்றது. அதன் பிசுக்குத்தன்மை அதனைத் தடுக்கின்றது. எழுச்சி தடையை வெல்லும்போதே ஓட்டம் பிறக்கின்றது என்பதனை 1916-இல் ஆங்கில அறிஞர் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். பெனார் கையாண்டது போன்ற மிக மெல்லிய திறந்த படலங்களில், மேற்பரப்பின் இழுவிசை இடத்துக்கிடம் வேறுபடுவதே தலையாய காரணம் என்பது 1950-களில் தெளிவாயிற்று. எவ்வாறாயினும், ஒவ்வொரு துளியும் தன் அண்டைத் துளிகளோடு மட்டுமே உறவாடுகின்றது. முழு வடிவத்தை அறிந்த துளி ஒன்றும் இல்லை. அண்டை உறவுகளின் தொகுதியே அறுகோணமாக வெளிப்படுகின்றது.

இனி, வேதியியலில் நிகழ்ந்த வரலாறு ஒன்றனைக் காண்போம். 1893-இல் பிறந்த போரிஸ் பெலூசோவ் என்னும் ரஷ்ய வேதியியலறிஞர், உயிரணுக்களிற் சிட்ரிக அமிலத்தின் வாயிலாக நிகழும் மாற்றங்களை ஒத்ததோர் வினையைக் கண்ணாடிக் கலத்திற் காண விழைந்தார். சிட்ரிக அமிலம், புரோமேட்டு உப்பு, சீரியம் என்னும் உலோகத்தின் உப்பு ஆகியவற்றைக் கந்தக அமிலக் கரைசலிற் கலந்தார். கலவை மஞ்சள் நிறங்கொண்டது, பின்னர் நிறமிழந்தது, மீண்டும் மஞ்சளாயிற்று, மீண்டும் நிறமிழந்தது. கடிகாரத்தின் ஊசல் போல இம்மாற்றம் தொடர்ந்து நிகழ்ந்தது.

பெலூசோவ் இதனைக் கட்டுரையாக எழுதி, 1951-இல் அறிவியல் இதழ் ஒன்றுக்கு விடுத்தார். 'இது நிகழ முடியாதது' என்று கூறி இதழாசிரியர் அதனை மறுத்தார். வேதிவினை சமநிலையை நோக்கி ஒரே திசையிற் செல்லுமேயன்றி முன்னும் பின்னும் ஊசலாடாது என்பது அக்காலத்தார் கொண்ட உறுதி. சில ஆண்டுகள் கழித்து, விரிவான சான்றுகளுடன் அவர் மீண்டும் முயன்றார். அம்முயற்சியும் பயன் தரவில்லை. முடிவில் 1959-இல், கதிரியக்க மருத்துவம் பற்றிய சுருக்கத் தொகுப்பொன்றில் அவருடைய சிறு குறிப்பு வெளிவந்தது. அதனைக் கண்டோர் மிகச் சிலரே. மனம் வெதும்பிய பெலூசோவ் அப்பொருள்பற்றி எழுதுவதையே விட்டொழித்தார்.

எனினும் உண்மை மறையவில்லை. கலவையின் செய்முறை மாஸ்கோ ஆய்வகங்களிற் கைமாறி வழங்கிற்று. 1961-இல் அனத்தோலி சாபோத்தின்ஸ்கி என்னும் ஆராய்ச்சி மாணவர் தம் ஆசிரியர் தூண்ட, அவ்வாய்வை மேற்கொண்டார். சிட்ரிக அமிலத்துக்கு மாற்றாக மலோனிக அமிலத்தைப் பயன்படுத்தினார். பெலூசோவின் கூற்று மெய்யே என்று நிறுவி 1964-இல் வெளியிட்டார். இரும்புச் சேர்மம் ஒன்றனைச் சேர்த்தால் கலவை சிவப்பும் நீலமுமாக மாறி மாறித் தோன்றும். 1970-இல் அவரும் சயிக்கின் என்பவரும் இக்கலவையை மெல்லிய படலமாகப் பரப்பி, குளத்திற் கல்லெறிந்தாற் போன்று வட்டவட்டமாக அலைகள் விரிவதைக் காட்டினர்.

இது இயற்கை விதிக்கு முரணோ? அன்று. ஆற்றுநீர் பள்ளம் நோக்கியே ஓடுகின்றது. ஆயினும் ஓடும் வழியிற் சுழி தோன்றுகின்றது. சுழி தோன்றியமையால் நீர் மேட்டை நோக்கி ஏறிவிட்டது என்று எவரும் கூறார். நீர்வரத்து நின்றாற் சுழியும் இல்லை. அவ்வாறே இக்கலவையும் முடிவாகச் சமநிலையை நோக்கியே செல்கின்றது. இடையில் உண்டாகும் சில பொருள்களே கூடியும் குறைந்தும் ஊசலாடுகின்றன. மூலப்பொருள் தீர்ந்தவுடன் ஊசலாட்டமும் அடங்குகின்றது. இதழாசிரியர் நம்பிய விதி பிழையன்று. அதனை இவ்வினைக்குப் பொருத்திய முறையே பிழை.

1972-இல் அமெரிக்க நாட்டு ஓரிகனில் ஆய்ந்த ஃபீல்டு, கோரோஸ், நோயஸ் என்னும் மூவர் இவ்வினையின் படிகளை விளக்கினர். கலவையில் ஒரு பொருள் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கின்றது. மற்றொன்று அப்பெருக்கத்தைத் தடுக்கின்றது. பெருக்கமும் தடையும் மாறி மாறி மேலோங்குவதால் நிறமும் மாறுகின்றது. பெல்ஜிய நாட்டில் வாழ்ந்த இலியா பிரிகோஜின், ஆற்றல் இடையறாது ஊடுருவிச் செல்லும் அமைப்புகளில், சமநிலைக்குத் தொலைவில், ஒழுங்கு பிறக்கக் கூடும் என்பதனைக் கோட்பாடாக வகுத்தார். அதற்காக 1977-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இவ்வாய்வு கண்ணாடிக் கலத்தோடு நின்றுவிடவில்லை. வட்ட அலைகளேயன்றிச் சுருள் அலைகளும் இக்கலவையில் எழுவதை 1972-இல் ஆர்தர் வின்ஃபிரீ விளக்கினார். இதயத்துடிப்பு நெறிகெடும் சில நிலைகளில், இதயத் தசையிற் பரவும் மின்னலைகளும் இவ்வாறே சுருள்கின்றன என்பது பின்னர்க் கண்டறியப்பட்டது. விளையாட்டுப் போலத் தோன்றிய நிறமாற்றம், மனிதனின் உயிர்நிலையைப் புரிந்துகொள்ளத் துணைபுரிவதாயிற்று.

பெலூசோவ் 1970-இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1980-இல், சாபோத்தின்ஸ்கி முதலியோருடன் அவருக்கும் சோவியத் நாட்டின் லெனின் பரிசு வழங்கப்பெற்றது. அதனைப் பெற்று மகிழ அவர் இல்லை.

மாணவர்களே! இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகளைக் காண்கின்றோம். தனிமரம் தோப்பாகாது என்பர். தனிப்பொருளில் இல்லாத பண்பு கூட்டுறவிற் பிறக்கும் என்பது ஒன்று. கண்ணாற் கண்டதனைக் கொள்கையின் பெயரால் ஆராயாது மறுத்தல் ஆகாது என்பது மற்றொன்று. பெலூசோவின் கலத்தில் நிறம் மாறியது எவர் கண்ணுக்கும் புலப்படக் கூடியதே. மறுத்தவர் அதனைத் தாமும் ஒருமுறை கலந்து பார்த்திருக்கலாம். நீங்கள் கற்ற விதிகளை மதியுங்கள். அவ்விதிகளுக்கு அடங்காதது போன்ற ஒன்றைக் கண்டால், அதனை மீண்டும் மீண்டும் சோதித்துப் பாருங்கள். அறிவு வளரும் வழி அதுவே.