வீட்டுக்குள்ளே எதிர்க்கட்சி

கேள்வி: எனக்கு வயது 74. சொந்த ஊர் விருதுநகர். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மூத்தவள் கோவையில் இருக்கிறாள். மகனுக்கு வயது 40, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. குறை சொல்ல எதுவும் இல்லாமல்தான் இருந்தோம், இந்தப் பங்குனிப் பொங்கல் வரைக்கும்.

திருவிழாவுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். ராத்திரி பொரிச்ச புரோட்டா வாங்கி வைத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் ஏதோ விவாதம். அவனுக்குப் பிடித்த தலைவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அறுபத்தேழுலயே நின்னுட்டீங்க” என்றான். எனக்கும் வாய் நிற்கவில்லை. “என் சோத்தைத் தின்னு வளந்தவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா” என்று கேட்டுவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் வெளியேறிவிட்டான்.

நாலு மாதம் ஆகிறது. அம்மாவோடு தினமும் பேசுகிறான். “அப்பா சாப்பிட்டாரா” என்று அவளிடம்தான் கேட்கிறான். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெற்ற பிள்ளையோடு அரசியல் பேசுவது குற்றமா? நான் எங்கே தவறினேன்?
– வாசகர், விருதுநகர்

பதில்: முழுத்தாளில் ஆறு பக்கம் எழுதியிருந்தீர்கள் சார், ஓர் அடித்தல்கூட இல்லாமல். இடம் போதாமல் சுருக்கிவிட்டேன். மகனின் கட்சிப் பெயரையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் கடிதம் அப்படியே பொருந்துகிறது. உங்கள் கட்சியை மட்டும் மறைக்க வழி தெரியவில்லை. விருதுநகர், அறுபத்தேழு என்றதுமே பாதி வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

பிள்ளைகளோடு தாராளமாக அரசியல் பேசலாம். “வீட்டுக்குள் அரசியலே வேண்டாம்” என்று சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பென்ஷனும் காலேஜ் பீஸும் ரேஷன் அரிசியும் அரசியல்தானே? அதையெல்லாம் விலக்கிவிட்டால் பேசுவதற்கு சீரியல்தான் மிச்சம்.

ஆனால் நீங்கள் பேசியதாகத் தெரியவில்லை. “காலையில் நாலரைக்கு எழுந்து காபி குடித்ததும் குரூப்பில் ஏழெட்டு போட்டுவிடுவேன்” என்கிறீர்கள். அதில் நீங்கள் எழுதியது எது? ஒன்றுகூட இல்லை. ஏதோ ஒரு கட்சியின் ஐ.டி. விங்கில் உட்கார்ந்து ஒரு பையன் தயாரித்தது. அவனுக்கு உங்கள் மகனைவிட வயது குறைவாகக்கூட இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த நீங்கள், சொந்த மகனிடம் பேச அந்தப் பையனைத் தூது விடுகிறீர்கள். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அந்த மாதிரிச் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு வைத்தது. அந்த ஒரே சாட்டாக நீங்கள் குடும்ப குரூப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசலாம். நாலாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “அப்பா காமராஜர் பக்தர். 67இல் தேர்தல் முடிவு வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. வீட்டில் உலை வைக்கவில்லை. நான் தெப்பக்குளத்துப் பக்கம் ஊர்வலத்தில் ஆடிவிட்டு ராத்திரிதான் வீடு திரும்பினேன்.”

அன்றைக்கு உங்கள் ஊரில் நடந்தது சாதாரணத் தோல்வி இல்லை. ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவர், காங்கிரஸுக்கு அகில இந்தியத் தலைவர், நேருவுக்குப் பிறகு இரண்டு பிரதமர்கள் வருவதற்குக் காரணமாக இருந்தவர். அவர் பிறந்த ஊரிலேயே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். உங்களுக்கு அப்போது எஸ்.எஸ்.எல்.சி. வயது. ஓட்டுப் போட 21 ஆகியிருக்க வேண்டிய காலம் அது. 71 தேர்தலில்கூட உங்களுக்கு ஓட்டு வந்திருக்காது, 77இல்தான் வந்திருக்கும். 65 மொழிப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த பிள்ளைகள் பலரும் உங்களைப் போலத்தான். கையில் ஓட்டில்லாதவர்கள், ஓட்டு வைத்திருந்த அப்பாக்களோடு வீட்டுக்கு வீடு மல்லுக்கட்டினார்கள். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்ற வாக்கியம் உங்கள் மகன் கண்டுபிடித்ததில்லை சார். உங்கள் வீட்டில் அதை முதலில் சொன்னது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அப்பா என்ன செய்தார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். “மறுநாள் காலையில் ஒன்றும் கேட்கவில்லை. ‘சாப்ட்டியாய்யா’ என்றார். அவ்வளவுதான்.” அவர் கடைசிவரைக்கும் கட்சி மாறவில்லை. நீங்களும் மாறவில்லை. அவர் கடையில் மாட்டிய காமராஜர் படம் இப்போது உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தாத்தா கேட்ட அதே கேள்வியைத்தான் பேரன் இன்றைக்கும் கேட்கிறான், நடுவில் அம்மாவை வைத்துக்கொண்டு.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே வேறு பேச்சுக்குத் தாவியிருக்கிறீர்கள். “தையில் பெங்களூரில் ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தான். வாங்கியதே பத்திரிகை அடித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.” ஃபார்வர்டு அனுப்பும் பழக்கம் மாசியில் ஆரம்பித்தது என்பதும் உங்கள் வாக்குமூலம்தான். நாற்பது வயது மகன் தன் சம்பளத்தில் கடன் போட்டு வீடு வாங்குவதற்கு அப்பாவின் அனுமதி தேவையில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவன் தவறு. அந்தக் கோபத்தை அவனிடம் நேரே கேட்க உங்களுக்குக் கௌரவம் இடம் தரவில்லை. அவனுடைய தலைவர் தலையில் இறக்கிவிட்டீர்கள். அவர் என்ன செய்வார், பாவம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசிப் பக்கம். 2003 ஜூலை. அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். டெஸ்மா சட்டம் பாய்ந்து சுமார் 1,70,000 பேர் டிஸ்மிஸ் ஆனபோது அதில் நீங்களும் ஒருவர். அதே மாதம் மகனுக்கு இன்ஜினீயரிங் சேர்க்கை. அம்மாவின் ஆரத்தை அடகு வைத்துப் பீஸ் கட்டியிருக்கிறீர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. “அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு முடிவு செய்தேன், என் ஓட்டு எந்தப் பக்கம் என்று. படிப்பு கெடும் என்று மகனிடம் சொல்லவில்லை” என்று முடித்திருக்கிறீர்கள்.

சார், 22 வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவன் படிப்பும் முடிந்துவிட்டது. இன்னும் ஏன் சொல்லவில்லை? நாலரை மணிக்கு வந்து விழுகிற ஏழெட்டில் இது ஏன் இல்லை? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா அறுபத்தேழிலிருந்து ஒரே கட்சிப் பக்கம் நிற்கிறார் என்பதுதான். மன்னிப்புக் கடிதம் எழுதிய அப்பாவை அவன் பார்த்ததே இல்லை.

அவன் பக்கமும் ஒன்று உண்டு. “உங்களுக்குப் பென்ஷன் வருது, நீங்க பேசலாம்” என்று அன்றைக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது பயமாகக் கேட்கிறது. தமிழ்நாட்டில் 1.4.2003க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களையே பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். தனியாரில் இருக்கிற இவன் கதையைக் கேட்க வேண்டுமா? ஒரு மெயிலில் வேலை போகலாம். இருபது வருடத் தவணை தலைக்கு மேலே நிற்கிறது. அந்தப் பயத்துக்கு மருந்து அவனுடைய கட்சியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருப்பதாக அவன் நம்புகிறான். ஏன் நம்புகிறான் என்று நீங்கள் கேட்டதுண்டா?

அவனை மறுபடி குரூப்பில் சேர்க்கச் சொல்லி மகளிடம் தூது போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே, உங்கள் போனிலிருந்து கூப்பிடுங்கள். சோற்றைச் சொல்லிக் காட்டியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அதற்கு மட்டும் போதும், கட்சிக்குத் தேவையில்லை. வீடு வாங்கியதைச் சொல்லாதது வருத்தம் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு நாள், போனில் வேண்டாம், நேரில், அந்த ஜூலை மாதத்தைச் சொல்லுங்கள். அவன் கட்சியைப் பற்றி அவன் பேசும்போது பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். என் மகளிடம் நானும் இதே முயற்சியில் இறங்கினேன். பத்து நிமிடம் தாக்குப் பிடித்தேன். பதினோராவது நிமிடம் “இருந்தாலும்…” என்று ஆரம்பித்தேன். இரண்டு வாரம் போயிற்று.

கோவைப் பேத்திக்கு அடுத்த வருடம் 18 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1989இலிருந்து அந்த வயதுக்கே ஓட்டு. அவள் கையில் மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கலாம். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவுக்குப் போய் 14 வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தால் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கிறான். “ஓட்டே இல்லாதவனுக்கு என்ன பேச்சு” என்று என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார். நிஜமாகவே அவனுக்கு ஓட்டு இல்லையா? இன்னொன்று, 88 வயது மாமியார் படுக்கையில் இருக்கிறார். இந்தத் தடவையும் ஓட்டுப் போட்டே தீருவேன் என்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் இங்கே ஓட்டு கிடையாது; ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் கிடையாது. கிரீன் கார்டு மட்டும்தான், இன்னும் இந்தியக் குடிமகன்தான் என்றால், 2011 முதல் வழி உண்டு. 6ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கிற ஊர் முகவரியில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் தபாலில் அனுப்ப முடியாது, அவனுக்குப் பதில் நீங்கள் போடவும் முடியாது. ஓட்டு நாளன்று பாஸ்போர்ட்டோடு அவனே வந்து வரிசையில் நிற்க வேண்டும். டிக்கெட் விலையைக் கேட்டதும் வகுப்பின் நீளம் குறைகிறதா என்று பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதையும் முழுக்க ஏற்க மாட்டேன். ஓட்டு இல்லாதவனும் பேசலாம்; பெற்றவர்கள் இருக்கிற ஊரைப் பற்றிக் கவலைப்பட அவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குவது நீங்கள். அடுத்த ஞாயிறு முதல் அரை மணி நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் என்ன நடக்கிறது என்று நீங்கள் சொல்லி, அவன் கேட்கட்டும்.

மாமியாருக்குக் கவலை வேண்டாம். 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் 12டி படிவத்தை நிரப்பிக் கொடுத்தாக வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வீட்டுக்கு வரும்போது கேட்டு வாங்குங்கள். அதிகாரிகள் வந்து போடவைக்கும்போது, மகன் போலவே நீங்களும் அவருக்கு வகுப்பெடுக்காதீர்கள்.

கேள்வி: கல்யாணமாகி 41 வருடம் ஆகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் இவர் சொன்ன சின்னத்துக்குத்தான் நானும் போட்டேன் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடவைகூட நான் அப்படிப் போட்டதில்லை. போன வாரம் மருமகள், “அத்தை, நிஜத்தைச் சொல்லுங்க, நீங்க யாருக்குப் போடுவீங்க?” என்று கேட்டாள். இந்த வயதில் இதை மறைப்பது பாவமா? இவரிடம் சொல்லிவிடலாமா?
– ஊரும் பெயரும் வேண்டாம்

பதில்: வாக்காளர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவு சொல்கிறது. அதில் புருஷனுக்கு விதிவிலக்கு எதையும் நான் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் சீட்டு தெரிகிறதே, அந்த 7 விநாடியும் உங்களுக்கு மட்டும்தான்.

மருமகளிடம் சொல்லலாம், அவள் வாயைப் பொறுத்து. கணவரிடம் சொல்ல வேண்டாம். 41 வருடம் இதனால் உங்கள் வீட்டில் ஒரு சண்டையும் வரவில்லை.

இந்தப் பத்திரிகையை அவர்தான் முதலில் படிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் மாவட்டத்தைக்கூடப் போடவில்லை.