சின்னக் கத்தி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சமையல் கத்தியின் தரத்தை உருக்கின் வகை, அதற்குக் கொடுக்கும் சூடு, சூட்டின் பின் பார்க்கும் பதம் ஆகிய மூன்றுமே தீர்மானிக்கின்றன. புதிதாகக் கத்தி செய்ய முனைவோர் பிழையாக நம்புவதும் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான்.

நம்பிக்கை: எந்த இரும்பும் கத்திக்கு ஆகும்.

உண்மை: கட்டடக் கம்பியை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதில் காபன் பொதுவாக 0.3 வீதத்துக்கும் குறைவு, கத்திக்கு 0.5 வீதத்துக்கு மேல் வேண்டும். லொறி வில்லுத் தகட்டில் ஏறத்தாழ 0.6 வீதம் உண்டு. கொல்லன் பட்டறைகளில் தாக்கத்திக்கும் வெட்டுக்கத்திக்கும் அதைத் தேடி எடுப்பது இதனால்தான்.

நம்பிக்கை: நல்ல உருக்கு பிறநாட்டுச் சரக்கு.

உண்மை: இலங்கையிலேயே, பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், பருவக்காற்றின் விசையால் எரிந்த உலைகளில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை உயர்காபன் உருக்கு எடுக்கப்பட்டது. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1996இல் இதை வெளியிட்டார்.

நம்பிக்கை: பட்டறை வைத்திருப்பவருக்கே கத்தி செய்ய முடியும்.

உண்மை: தகட்டை 2 மில்லிமீற்றர் அளவுக்கு அடித்துத் தருவது மட்டுமே கொல்லர் வேலை. அதைச் சிவக்கக் காய்ச்சி உமிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் உருக்கு இளகும். மாவடிப்பள்ளி, சம்மாந்துறை போன்ற வயல் ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை. பிறகு அரத்தாலேயே வடிவம் எடுக்கலாம். வாய்ப்பக்கத்தை இப்போதே கூராக்கக் கூடாது. 1 மில்லிமீற்றர் தடிப்பு விடாவிட்டால், பின்னர் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தும் தோய்ச்சலில் வளையும்.

நம்பிக்கை: வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சினால் உறுதி கூடும்.

உண்மை: மிகைச் சூட்டில் உருக்கின் மணிகள் பருத்து, கத்தி நொறுங்கும். சுமார் 770 பாகை செல்சியஸில் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. அதைவிடச் சற்றுக் கூடிய சூடு போதும். நிழலில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும்.

நம்பிக்கை: பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் நன்றாக இறுகும்.

உண்மை: இறுகும், மெல்லிய அலகு வெடிக்கவும் கூடும். வில்லுத் தகட்டுக்கு இளஞ்சூடான தேங்காயெண்ணெய் பொருந்தும். எண்ணெய் தீப்பற்றலாம் என்பதால் உலோகப் பாத்திரமும், அருகில் மூடியும் வேண்டும். தோய்ந்த அலகில் அரம் வழுக்கினால் தோய்ச்சல் சரி.

நம்பிக்கை: தோய்ச்சலோடு வேலை முடிந்தது.

உண்மை: அந்நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையும். துடைத்து மினுக்கி, கேக் அவணில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அலகு வைக்கோல் நிறமாகும். சிறிது கடினம் குறைந்து உரம் ஏறும். அதன் பின்னரே பிடி போட்டு, சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். தீட்டும்போது அலகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் நனைத்துத் தீட்டுவதே முறை.